பீலி, குசினி, கொய்யா

சிட்னி
14.5.1972

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தைக் கதிரையில் இருந்துகொண்டு படியுங்கள். அத்தானையும் கூப்பிட்டுப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஆஸ்பத்திரிப் பெரிய சேர்ஜன் டொக்டர் பிளேக் ஒரு ரக்பி கிளப்புக்குத் தலைவர் என்று முன்பே எழுதியிருந்தேன். விளையாடுகிறவர்களுக்கு எலும்பு முறிந்தால் பார்ப்பதற்கு மைதானத்து ஓரத்தில் ஒரு டொக்டர் நிற்க வேண்டும். இந்த வருஷம் என்னை நிற்கச் சொல்லியிருக்கிறார். சம்பளம் ஒன்றும் இல்லை. ஆனாலும், அக்கா, நான் இந்த ஊருக்கு வந்த இரண்டு வருஷத்தில் ஒருவர் என்னை ஓரிடத்துக்கு வா என்று கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

நேற்று மழை. மைதானம் முழுவதும் சேறு. எதிர்க் கிளப்பில் ஒரு ஸ்கொட்லாந்துக்காரன் விளையாடினான். விங்கர், அதாவது கோட்டு ஓரமாக ஓடுகிறவன். முப்பத்து மூன்று வயது, முன்பக்கம் வழுக்கை. ஸ்கொட்லாந்து நாட்டு அணிக்காகப் பதினொரு தடவை இறங்கியவன் என்று பக்கத்தில் நின்றவர்கள் மரியாதையாகச் சொன்னார்கள்.

இந்த விளையாட்டில் பந்து கோட்டுக்கு வெளியே போனால் இரண்டு பக்கத்து ஆட்களும் அடுத்தடுத்து வரிசையாக நிற்பார்கள். விங்கர் வெளியே நின்று அந்த இரண்டு வரிசைக்கும் நடுவில் பந்தை எறிவான். முதலில் நிற்பவனுக்கா, நடுவில் நிற்பவனுக்கா, கடைசியில் நிற்பவனுக்கா என்று தன் ஆட்களுக்கு மட்டும் விளங்குகிற மாதிரி ஒரு குறிச்சொல்லைக் கத்திவிட்டு எறிவான். எல்லாக் கிளப்பும் செய்கிற வேலைதான். அநேகமாக ஏதாவது இலக்கம் சொல்வார்கள்.

இவன் எனக்கு முன்னால் நாலடி தூரத்தில் நின்றான். பந்தைத் தலைக்கு மேல் தூக்கினான். கத்தினான்.

"கொய்யா!"

பந்து கடைசி ஆளுக்குப் போனது. எனக்குக் காதில் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "பீலி!" பந்து முதல் ஆளுக்கு. அதற்குப் பிறகு, "குசினி!" பந்து நடுவில் நின்றவனுக்கு. விளையாட்டுக்காரர்கள் பெயர் அடித்த தாளை வாங்கிப் பார்த்தேன். ஏ. டன்பார் என்று இருந்தது. அக்கா, எங்கள் டன்பார் துரையின் மகன்! சின்னத்துரை அலஸ்டர்!

உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் எழுதிப் பார்த்தால்தான் எனக்கே நம்பிக்கை வரும். அப்பா மருந்து கொடுக்கிற டிஸ்பென்சராக இருந்த தேயிலைத் தோட்டம். துரை பங்களாவுக்கும் எங்கள் குவாட்டர்சுக்கும் நடுவில் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்த சைப்பிரஸ் வேலி. அவன் இந்தப் பக்கம் வரக்கூடாது, நாங்கள் அந்தப் பக்கம் போகக்கூடாது. ஆனால் பந்துக்கு யாரும் சட்டம் போடவில்லை. எறிகிறவருக்கு மறுபக்கம் தெரியாது என்றபடியால் பந்து எங்கே விழப்போகிறது என்று கத்திவிட்டுத்தான் எறிய வேண்டும். பீலி என்றால் வேலியோடு தண்ணீர் விழுகிற இடம். குசினி என்றால் எங்கள் சமையலறைப் பக்கம், நடு. கொய்யா மரம் என்றால் கடைசி. அந்தச் சட்டத்தைப் போட்டதே நீங்கள்தான். உங்களுக்குப் பத்து வயது, அவனுக்கு ஒன்பது, எனக்கு ஆறு.

என் வாய் சும்மா இருக்குமா? விழுந்து விழுந்து சிரித்தேன். பக்கத்தில் நின்ற எங்கள் கோச், "என்ன டொக், சொன்னால் நாங்களும் சிரிப்போமே" என்றான். சொல்லிவிட்டேன். இடைவேளையில் அவன் எங்கள் ஆட்களைக் கூப்பிட்டு மூன்று சொல்லையும் படிப்பித்துவிட்டான். இரண்டாம் பாதியில் அலஸ்டர் எறிந்த பந்து ஒன்றுகூட அவன் ஆட்களுக்குப் போய்ச் சேரவில்லை. வென்றுவிட்டோம்!

விளையாட்டு முடிந்ததும் இரண்டு கிளப்பும் ஒன்றாக இருந்து பியர் குடிப்பது இங்கே வழக்கம். என்னைத் தூக்கி மேசைமேல் இருத்தினார்கள். இவ்வளவு நாளும் என் பெயரைச் சொல்லப் பயந்து ஹலோவோடு நிறுத்திக்கொண்டவர்கள் எல்லாரும் "சிவா, சிவா" என்று கத்தினார்கள். அலஸ்டர் ஒரு மூலையில் முழங்காலில் ஐஸ் வைத்துக்கொண்டு இருந்தான். இரண்டு மூன்று தடவை என்னைப் பார்த்தான். போய்க் கதைக்க ஆசைதான், ஆனால் கூச்சம். துரை மகனோடு என்ன கதைப்பது? திரும்பிப் பார்க்கும்போது அவன் போய்விட்டான்.

மெல்பேர்ணில் உங்கள் நோபல் பார்க்கில் இப்படி ஒரு அதிசயம் நடக்குமா? அத்தானுக்கு என் அன்பு. உடனே பதில் போடுங்கள்.

தம்பி
சிவபாலன்


நோபல் பார்க்
19.5.1972

தம்பி,

கதிரையில் இருந்துதான் படித்தேன். படித்து முடித்த பிறகு எழும்ப முடியவில்லை.

அலஸ்டர் சிட்னியில் இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. அதற்கு முந்தியது எல்லாம் தெரியும். நீ அறியாத ஒன்றைச் சொல்கிறேன். 1961ஆம் ஆண்டு அவன் ஸ்கொட்லாந்துக்காக முதல் தடவை விளையாடிய கிழமையில் அப்பாவுக்கு ஒரு கடிதம் எழுதினான். பழைய தோட்டத்து முகவரிக்குப் போய், பல கை மாறி, கொழும்பில் என்னிடம் வந்து சேர்ந்தது. அப்போதுதான் எனக்குக் கலியாணமாகி ஒரு மாதம். அவருக்கும் வாசித்துக் காட்டினேன், ஒளிப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை. நாலே வரி. "நேற்று எடின்பரோவில் வேல்ஸ்காரருக்கு எதிராக விளையாடினேன். கொய்யா என்று கத்தினேன். ஐம்பதாயிரம் பேர் இருந்தார்கள், ஒருவருக்கும் விளங்கவில்லை. இதைப் பவளத்திடம் சொல்லுங்கள்."

நான் பதில் போடவில்லை. ஆனால் அதற்குப் பிறகு கொழும்பு நூலகத்தில் மூன்று கிழமை பிந்தி வருகிற இங்கிலாந்துப் பத்திரிகைகளைத் தேடித் தேடிப் படித்தேன். மூன்றாவது ஆட்டத்தில் தோள்பட்டை எலும்பு முறிந்தது. ஒரு வருஷம் ஆளைக் காணவில்லை. பிறகு வந்து இங்கிலாந்துக்கு எதிராக, பந்தைக் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய் வைத்து ஒரு ட்ரை போட்டான். இரண்டு வருஷம் ஒதுக்கி வைத்தார்கள், திரும்பக் கூப்பிட்டார்கள், இரண்டு ஆட்டத்தோடு கழற்றிவிட்டார்கள். "டன்பார் சேர்க்கப்படவில்லை" என்று ஒரே ஒரு வரி. ஐந்து வெற்றி, ஐந்து தோல்வி, ஒன்று சமன். நான் கணக்கு ரீச்சர், எண்ணிக்கை பிழைக்காது.

ஐம்பதாயிரம் பேருக்கு விளங்காத சொல் அவனிடம் மூன்றே மூன்று இருந்தது. அதைத்தான் நீ சிரித்துச் சிரித்து ஒரு கோச்சுக்குப் படிப்பித்திருக்கிறாய். மேசையில் தூக்கி இருத்தினார்கள் என்று எழுதுகிறாய். இருந்த இடத்திலிருந்து அவன் முகம் தெரிந்ததா?

அவனிடம் போய், நான்தான் சொன்னேன் என்று சொல். உன் கோச்சிடம் இல்லை, அவனிடம். இதை நீ செய்யும்வரைக்கும் எனக்கு உன் ரக்பியைப் பற்றி எழுத வேண்டாம். இங்கே என் வகுப்புப் பிள்ளைகளுக்கு ரக்பி என்றால் என்னவென்றே தெரியாது. நாலு கம்பம் நட்டு, முட்டைப் பந்தை உதைத்துக்கொண்டு வேறு ஏதோ விளையாடுகிறார்கள். அது எனக்கு நிம்மதி.

அவர், "விளையாட்டில் இதெல்லாம் நடக்கிறதுதானே, விடும் பவளம்" என்கிறார். அவருக்கு விளங்காது.

மிளகாய்த்தூள் ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். கோபத்தில் அனுப்பாமல் விட்டுவிடுவேன் என்று நினைக்காதே.

அக்கா


சிட்னி
28.5.1972

அன்புள்ள அக்காவுக்கு,

மிளகாய்த்தூள் கிடைத்தது. அதைவிடக் காரமாக உங்கள் கடிதம் இருந்தது.

நான் ஒன்றும் களவு செய்யவில்லையே, அக்கா. மைதானத்தில் ஒருவன் எல்லாருக்கும் கேட்கக் கத்துகிறான். எனக்கு விளங்கியது. விளங்கியதைச் சொன்னேன். இரண்டு வருஷமாக நான் தமிழில் ஒரு சொல்லும் எதிர்பாராமல் கேட்டதில்லை. இங்கே கோயில் இல்லை, எங்கள் ஆட்கள் இருக்கிற வீடு எண்ணி ஏழெட்டு. அந்தச் சேற்றுக்குள் ஒரு வெள்ளைக்காரன் குசினி என்று கத்தினால் சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் தெரியாமல் போனது தப்பா?

ஆனால் மறைக்காமல் எழுதுகிறேன். விஷயம் நான் நினைத்ததைவிடப் பெரிதாகிவிட்டது. எங்கள் கோச்சின் மச்சான் இன்னொரு கிளப்புக்குக் கோச். அவனுக்கும் சொல்லியிருக்கிறான். அடுத்த கிழமை அவர்களும் அலஸ்டரின் பந்தையெல்லாம் பறித்துவிட்டார்கள். நேற்றுப் பத்திரிகையில் பார்த்தேன். டன்பாரை முதலாம் அணியிலிருந்து இறக்கி இரண்டாம் அணியில் போட்டிருக்கிறார்கள். காலம் முடிந்த ஆள் என்று எழுதியிருக்கிறார்கள். படிக்க எனக்கும் நன்றாக இல்லை.

போய்ச் சொல் என்கிறீர்கள். எப்படிச் சொல்வது? ஜூலை முடிவோடு என் ஒப்பந்தம் முடிகிறது. என்னை நிரந்தரமாக்குவதும் விடுவதும் டொக்டர் பிளேக்கின் கையில். நான் எதிர்க் கிளப்பு ஆளிடம் போய் மன்னிப்புக் கேட்டேன் என்று தெரிந்தால் அவர் என்ன நினைப்பார்? இந்தத் திங்கட்கிழமை குடியரசாக்கி எங்கள் நாட்டுப் பெயரையே மாற்றிவிட்டார்கள். என் பாஸ்போர்ட்டில் இருக்கிற இலங்கை வேறு, இப்போது இருக்கிற இலங்கை வேறு. திரும்பிப் போய் எந்தக் கதவைத் தட்டுவேன்?

அலஸ்டருக்கு என்ன குறை? துரை மகன். இந்தக் கிளப் இல்லையென்றால் இன்னொன்று. ஊருக்குப் போனாலும் பெரிய ஆள். என்னைத்தான் மேசையிலிருந்து இறக்கினால் தரையில் நிற்கவும் இடமில்லை.

ஒரு சின்னப் பிள்ளை விளையாட்டுக்கு உங்களுக்கு ஏன் இவ்வளவு கோபம்? அதை மட்டும் சொல்லுங்கள்.

தம்பி
சிவபாலன்


நோபல் பார்க்
3.6.1972

அன்புத் தம்பி,

கேட்டாய், சொல்கிறேன்.

உனக்கு இது ஞாபகம் இருக்காது. இருக்கக் கூடாது என்றுதான் அம்மா வீட்டில் இந்தப் பேச்சையே எடுக்க விடவில்லை. பங்களாவில் துரைசாணி பூச்செடி வைப்பதற்குக் கண்ணாடியால் ஒரு அறை கட்டியிருந்தாள். நாங்கள் விளையாடத் தொடங்கிய வருஷம், ஒருநாள் பின்னேரம், நீ அடம்பிடித்து அழுதாய். எப்போதும் பந்து பொறுக்குகிறவன் நான்தானா, ஒரு தடவை நானும் எறிய வேண்டும் என்றாய். கொடுத்தேன். ஆறு வயதுக் கையில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ, பந்து வேலியைத் தாண்டி, புல்லைத் தாண்டி, அந்தக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே போனது. இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த கண்ணாடி.

பங்களாவில் சமைக்கிற அப்பு பிறகு வந்து அம்மாவிடம் நடந்ததைச் சொன்னார். துரை அலஸ்டரைக் கூப்பிட்டு, யார் உடைத்தது, மறுபக்கத்தில் உன்னோடு விளையாடுவது யார் என்று கேட்டிருக்கிறார். அவன் வாய் திறக்கவில்லை. இடுப்புப் பெல்ட்டைக் கழற்றியிருக்கிறார். ஆறு அடி. அப்போதும் திறக்கவில்லை. திறந்திருந்தால் டிஸ்பென்சரின் பிள்ளைகள் பங்களாக் கண்ணாடியை உடைத்தார்கள் என்று அப்பாவை அன்றைக்கே வெளியே அனுப்பியிருப்பார்கள். அந்தத் துரை அப்படி அனுப்பிய ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். அப்பா வேலையில்லாமல் யாழ்ப்பாணம் போயிருந்தால் உன்னை டொக்டருக்குப் படிப்பித்திருப்பது யார்?

இரண்டு மாதத்தில் அவனை ஸ்கொட்லாந்துக்குக் கப்பலேற்றிவிட்டார்கள். போகிற அன்று வேலிக்கு அந்தப் பக்கம் நின்று "பீலி" என்று கத்தினான். பந்து எறியவில்லை, பந்தைத்தான் அவனிடமிருந்து பறித்துவிட்டார்களே. சும்மா கத்தினான். நான் வெளியே வரவில்லை.

இப்போது சொல், தம்பி. ஒன்பது வயதில், பெல்ட் அடிக்கு முன்னால், அவன் உனக்காக வாயை மூடிக்கொண்டு நின்றான். முப்பது வயதில், சிரித்துக் கேட்ட ஒரு கோச்சுக்கு முன்னால், உன்னால் முடியவில்லை.

உன் வேலைப் பயம் எனக்கு விளங்காமல் இல்லை. என்ன நடந்தாலும் இந்த வீட்டில் உனக்கு ஒரு அறை இருக்கிறது, அவரும் அதையே சொல்லச் சொன்னார். ஆனால் அவனிடம் போ.

அக்கா


நோபல் பார்க்
17.6.1972

தம்பி,

இரண்டு கிழமையாகக் கடிதம் இல்லை. கடைசியில் எழுதியது கொஞ்சம் கூடிப்போய்விட்டது. எழுதித் தபாலில் போட்ட பிறகுதான் யோசித்தேன். என்னிடம் கோபம் என்றால் கோபம் என்று எழுது. எழுதப் பிடிக்கவில்லை என்றால் ஒரு வெற்றுத்தாளை மடித்துப் போடு. கவரில் உன் கையெழுத்தைப் பார்த்தால் போதும்.

குளிர் தொடங்கிவிட்டது. மைதானத்தில் நிற்கும்போது கழுத்தைச் சுற்றிக்கொண்டு நில்.

அக்கா


சிட்னி
25.6.1972

அன்புள்ள அக்காவுக்கு,

கோபம் இல்லை. வெட்கம். அந்தக் கடிதத்தைப் படித்த பிறகு இரண்டு சனிக்கிழமை வயிற்றுவலி என்று சொல்லி மைதானத்துக்கே போகவில்லை. டொக்டர் ஒருவன் வயிற்றுவலி என்று பொய் சொல்வது எவ்வளவு சுலபம் தெரியுமா?

போன செவ்வாய்க்கிழமை பின்னேரம் அலஸ்டருடைய கிளப்புக்குப் போனேன். இரண்டாம் அணிப் பயிற்சி. எல்லாரும் இருபது வயதுப் பொடியன்கள். அவர்களுக்கு நடுவில் அவன் ஒரு நீளமான மர வாங்கில் இருந்து முழங்காலுக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தான். முன்னால் போய் நின்றேன். பேருந்தில் வரும்போது ஆங்கிலத்தில் ஒரு பேச்சைத் தயார் பண்ணி வைத்திருந்தேன். எல்லாம் மறந்துபோய், "நான் டிஸ்பென்சரிட மகன்" என்று தமிழில் சொல்லிவிட்டேன்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். "நீ அழுவுற தம்பியா?" என்றான்.

அக்கா, அவனுடைய தமிழ் ஒன்பது வயதிலேயே நின்றுவிட்டது. தோட்டத்து ஆயாவிடம் படித்த தமிழ். ஆறடி உயரம், வழுக்கை, மூக்கு இரண்டு இடத்தில் உடைந்திருக்கிறது, வாயைத் திறந்தால் சின்னப் பொடியன். "உக்காரு, உக்காரு" என்று வாங்கில் இடம் விட்டான். ஓரிரண்டு நிமிடத்தில் சொற்கள் தீர்ந்துபோய், பிறகு ஆங்கிலத்தில்தான் கதைத்தோம்.

முதலில் நான் கோச்சிடம் சொன்னதைச் சொன்னேன். "தெரியும்" என்றான். இடைவேளை முடிந்து இரண்டாவது எறிவிலேயே தெரிந்துவிட்டதாம். கப்டன் ஓடி வந்து, சொல்லை மாற்று, இலக்கம் சொல் என்று கத்தினானாம். இவன் மாற்றவில்லை. ஒவ்வொரு தடவையும் வேண்டுமென்றே அதே சொல்லைச் சொல்லி எறிந்தானாம். முதலாம் அணியிலிருந்து இறக்கியது பந்து பறிபோனதற்காக இல்லை, அக்கா. கப்டன் சொல்லைக் கேட்காததற்காக.

"ஏன் மாற்றவில்லை?" என்று கேட்டேன்.

துணியின் நுனியை இழுத்து முடிச்சுப் போட்டான். இருபத்து நான்கு வருஷமாக அந்தச் சொற்களைக் கத்துகிறேன் என்றான். பள்ளிக்கூடத்தில், கிளப்பில், நாட்டு அணியில். என் ஆட்களுக்கு நானே சொல்லிக் கொடுத்தேன், அதனால் அவர்கள் பிடித்தார்கள். எதிர்ப்பக்கத்தில் ஒருவரும் பிடித்ததில்லை. அன்றைக்குத்தான் முதல் தடவை, வேலிக்கு அந்தப் பக்கத்தில் ஆள் இருக்கிறது என்று தெரிந்தது. எப்படி நிறுத்துவது என்றான்.

கண்ணாடியை உடைத்தது நான்தான், எனக்கு இவ்வளவு நாளும் தெரியாது என்று சொன்னேன். அதற்கும் "தெரியும்" என்று சிரித்தான். வேலியில் ஒரு ஓட்டை இருந்ததாம், அதன் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தானாம். "நல்ல எறிவு" என்றான். ஸ்கொட்லாந்துக்கு அனுப்புவது முன்பே தீர்மானித்திருந்த விஷயமாம், கண்ணாடியால் இல்லையாம். அதை உங்களுக்கு எழுதச் சொன்னான். பாரில் ஏன் என்னிடம் வரவில்லை என்று நான் கேட்கவில்லை, அவனே சொன்னான். நான் எழும்பி வருவேன் என்று காத்திருந்தானாம். நான் வராதபடியால், உங்கள் வீட்டில் இன்னும் தன்மேல் கோபமாக இருக்கிறார்கள் என்று எண்ணிப் போய்விட்டானாம்.

பிறகு என்னிடம் ஒரு கேள்வி கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. அவன் சொன்னபடியே எழுதுகிறேன்.

"உன் அக்காவுக்கு அடி விழுந்ததா? அவள் உன்னைக் காட்டிக் கொடுத்திருக்கமாட்டாள். என்னையும் கொடுத்திருக்கமாட்டாள். நான் சொல்லாமல் விட்டேன், அவளும் சொல்லாமல் விட்டிருப்பாள். அப்படியென்றால் என்னைவிடக் கூடுதலாக அவளைத்தான் அடித்திருப்பார்கள். 1961இல் எழுதிய கடிதத்தில் இதைத்தான் கேட்க நினைத்தேன். துணிவு வரவில்லை. பதில் வராதபோது, விழுந்திருக்கிறது என்று முடிவு செய்துகொண்டேன்."

ஓம் அல்லது இல்லை, ஒரு சொல் எழுதினால் போதுமாம். அக்கா, இவ்வளவு வருஷம் அவன் இதைச் சுமந்துகொண்டு ஓடியிருக்கிறான்.

ஜூலை எட்டாம் திகதி, சனிக்கிழமை, அவனுடைய கடைசி ஆட்டம். இரண்டாம் அணி, பார்க்க நாற்பது பேர்கூட வரமாட்டார்கள். பதினைந்தாம் திகதி ஸ்கொட்லாந்துக்கு விமானம். ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு மாஸ்ரர் வேலை கிடைத்திருக்கிறதாம்.

டொக்டர் பிளேக்கிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "இந்தச் சனிக்கிழமையாவது வயிறு ஒழுங்காக இருக்குமா?" என்றார். அவ்வளவுதான். வேலையைப் பற்றி இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது அது பெரிதாகத் தெரியவில்லை என்று எழுத ஆசை. பொய். இன்னும் பயமாகத்தான் இருக்கிறது.

அவனுக்கு என்ன பதில் சொல்லட்டும்?

தம்பி
சிவபாலன்


நோபல் பார்க்
1.7.1972

என் அன்புத் தம்பிக்கு,

இதை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். நாலாவது தடவை அவர் தேநீர் போட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

அடி விழவில்லை, தம்பி. ஒரு அடியும் விழவில்லை. என்மேல் ஒருவர் கை படவில்லை.

கண்ணாடி உடைந்து கால்மணி நேரத்தில் துரைசாணி பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் குவாட்டர்ஸ் வாசலுக்கு வந்தாள். அதுவரைக்கும் அவள் எங்கள் வாசலை மிதித்ததில்லை. அப்பா டிஸ்பென்சரியில். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது, கதவுக்குப் பின்னால் நின்றார். நீ என் சட்டையைப் பிடித்துக்கொண்டு விக்கி விக்கி அழுதாய். யார் எறிந்தது என்று அவள் கேட்டாள். நான் அவள் முகத்தை நேராகப் பார்த்து, பள்ளிக்கூடத்தில் படித்த ஆங்கிலத்தில், பிழையில்லாமல் சொன்னேன். "உங்கள் மகன்தான் எறிந்தார். நான் பார்த்தேன்."

அவளுக்கு அந்த ஒரு வசனம் போதுமாக இருந்தது. போய்விட்டாள். அம்மா என்னைக் கட்டிப்பிடித்து, கெட்டிக்காரி என்றார். அன்றைக்கு எனக்கு அம்மா தன் பங்குக் கோழியையும் வைத்தார். அதை நான் சாப்பிட்டேன்.

போன மாதம் உனக்கு எழுதிய கடிதத்தில் அப்பு சொன்னார் என்று எழுதியிருந்தேன். யாரும் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டும் என்று இல்லை. நான் வேலியோடு நின்றேன். ஆறு அடியையும் எண்ணினேன். ஒவ்வொரு அடிக்கும் நடுவில் துரை, மறுபக்கத்தில் உன்னோடு விளையாடுவது யார் என்று கேட்டது எனக்குக் கேட்டது. அவன் உன் பெயரையும் சொல்லவில்லை, என் பெயரையும் சொல்லவில்லை. நான் ஏற்கனவே அவன் பெயரைச் சொல்லிவிட்டேன் என்று அவனுக்குத் தெரியாது. இன்றைக்கும் தெரியாது என்று உன் கடிதத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். பந்துதான் காட்டிக் கொடுத்தது என்று நினைத்திருப்பான். அவள் சொல்லாமல் விட்டிருப்பாள் என்கிறான். அந்த வரியை என்னால் இரண்டாம் தடவை படிக்க முடியவில்லை.

கடிதத்துக்கு நான் பதில் போடாதது இதனால்தான். பதினொரு ஆட்டத்தையும் நூலகத்தில் தேடிப் படித்ததும் இதனால்தான். அவன் வென்றால் என் பாரம் கொஞ்சம் குறைகிற மாதிரி இருக்கும். தோற்றால் பள்ளிக்கூடத்தில் அன்றைக்கு முழுக்கப் பிள்ளைகளை ஏசுவேன்.

உன்னை எவ்வளவு திட்டினேன். ஒவ்வொரு வரியும் எனக்கு நானே எழுதியது. நீ சந்தோஷத்தில் சொன்னாய், நான் தெரிந்து சொன்னேன். உன்னை அந்த மனிதனிடம் போகச் சொல்லிவிட்டு நான் இங்கே கணக்குக் கொப்பி திருத்திக்கொண்டு இருந்தேன். நீ போனாய். எனக்கு உன்னை நினைத்துப் பெருமையாக இருக்கிறது, தம்பி. இதை நேரில் சொன்னால் அழுதுவிடுவேன் என்றுதான் இப்போதே எழுதி வைக்கிறேன்.

நேற்று எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். கலியாணமாகிப் பதினொரு வருஷமாகச் சொல்லாததைச் சொன்னேன். அவர், "பத்து வயசுப் பிள்ளை பவளம், தம்பியைக் காப்பாத்தத்தானே சொன்னனீர்" என்றார். அது எனக்கும் தெரியும். அது தெரிந்தும் ஆறவில்லை. காலையில் ஸ்டேஷனுக்குப் போய் ரிக்கற் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

ஏழாம் திகதி வெள்ளிக்கிழமை ரயிலில் ஏறுகிறேன். சனிக்கிழமை காலை சிட்னி ஸ்டேஷனில் வந்து நில். அங்கிருந்து நேராக மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போ. உன் வேலைத்தளத்தில் யாரும் ஏதும் நினைப்பார்கள் என்றால் நீ தூரத்தில் நில், நான் தனியாகப் போகிறேன்.

அலஸ்டரைக் கண்டால், அக்கா வருகிறார் என்று மட்டும் சொல். அவன் கேள்விக்குப் பதில் கேட்டால், தெரியாது என்று சொல். உனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும், சொல்லிவிட்டால் என் வேலை சுலபமாகும் என்று உனக்குத் தோன்றும். சொல்லாதே, தம்பி. அவன் என்னைப் பற்றி நல்லதாக நினைத்துக்கொண்டிருக்கும்போதே அவன் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல வேண்டியவள் நான்.

உன் அக்கா
பவளம்